கிணற்றுக்குள் எட்டு வரி

இருநூற்றுப் பதினான்காம் பக்கம்தான் முதலில் வந்தது. வில்வநாதனிடம் இருந்தது தாளை முகம் மேலே பார்க்கத் துப்புகிற பிரிண்டர். ஒன்றாம் பக்கத்திலிருந்து அடித்தால் கட்டு தலைகீழாக அடுக்கிக்கொள்ளும், பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்க வேண்டும். அதனால் கடைசியிலிருந்து முன்னுக்கு வரும்படி சொல்லியிருந்தான். பெரிய புத்திசாலி. அந்தப் புத்தி வேலை செய்யாமல் இருந்திருந்தால் இன்னும் முக்கால் மணி நேரம் மனுஷனாக இருந்திருப்பான். தாளைக் கையில் எடுத்தது படிக்க அல்ல, மை சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்க. இறங்கியிருந்தது. மேலே எட்டு வரி, அதற்குக் கீழே வெறும் வெள்ளை. முதல் வரி, காஜா இருக்கியா. கடைசி வரி, வில்வா கெணத்துல போட்டியா. நடுவில் இருந்த ஆறு வரியை அவன் கண் தாண்டிப் போய்விட்டது, அல்லது தாண்டவில்லை, படித்ததை மனசு வாங்கிக்கொள்ளவில்லை. தாளைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தான். கவிழ்த்து வைத்த தாளில் மறுபக்கத்து எழுத்து மங்கலாகத் தெரிந்தது, மலிவான தாள், கட்டு வாங்கும்போதே மனைவி உமையாள் சொன்னாள். மறுபடி நிமிர்த்தினான். தேதி சரிதான். நான்கு வருஷத்துக்கு முந்தைய அந்த வெள்ளிக்கிழமை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சவரிமுத்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாயிற்றே. ஒரு வார்த்தை பேசாமல், யாருக்கும் தொந்தரவு தராமல், தூக்கத்திலேயே போய்விட்டான் என்றுதானே நான்கு வருஷமாக எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், வில்வநாதனும் சொல்லியிருக்கிறான், எத்தனை பேரிடம், ஹாலில் உட்கார்ந்திருக்கிறவளிடமே எத்தனை தடவை. பிரிண்டர் இருநூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தை இழுத்துக்கொண்டது.

ஹாலில் உட்கார்ந்திருந்தவள் பிலோமினா, சவரிமுத்துவின் மனைவி. காலையில் புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி, திருச்சி கே.கே. நகருக்கு வழி கேட்டுக் கேட்டு, ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தாள், கையில் ஒரு சீப்பு பூவன்பழத்துடன். அவளாகக் கேட்டு வரவில்லை. அதுதான் வேடிக்கை, வேடிக்கையா, கேட்டிருந்தால்கூட ஆறுதல் இருந்திருக்கும், வில்வநாதன்தான் கூப்பிட்டான். போன மாதம் தானாகவே போன் போட்டு, சவரி பேசினதெல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கும்மா, பதினோரு வருஷப் பேச்சு, ஒரு எழுத்து விடாம பிரிண்ட் எடுத்துத் தர்றேன், வந்து வாங்கிட்டுப் போ என்று பெருமையாகச் சொன்னான். ஒரு எழுத்து விடாமல். பிலோமினாவுக்கு அந்த விளையாட்டு என்னவென்று இன்றுவரை பிடிபட்டதில்லை. யாருக்குத்தான் பிடிபடும். வால்மீரா என்று ஒரு விளையாட்டு. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் கம்ப்யூட்டர் வழியாக ஒரே ஊருக்குள் நுழைந்து, ஆளுக்கொரு வேஷம் கட்டி, பூதங்களை அடித்து, அடித்துக் கிடைத்ததைச் சந்தையில் விற்று, விற்பதைவிட அதிக நேரம் வம்பளந்துகொண்டு கிடப்பார்கள். நடத்திய கொரியா கம்பெனி என்றைக்கோ கடையைக் கட்டிவிட்டது. கட்டினால் என்ன, உலகம் பூராவும் இவனைப் போன்ற கிறுக்கர்கள் அந்தச் செத்த விளையாட்டை எலும்பெலும்பாகக் கோத்துத் தங்கள் தங்கள் சர்வரில் எழுப்பி உட்கார வைத்தார்கள். தமிழில் எழுப்பியது இவனும் சவரிமுத்துவும். இவனுக்கு நிரல் எழுத வரும். சவரிக்கு அதில் ஒரு வரி தெரியாது, ஆனால் பூதம் பேச வேண்டிய வசனம், சந்தைக்காரி திட்ட வேண்டிய வசவு, எல்லாம் அவன் வாயிலிருந்து கொட்டும். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவன். பிறகு ஏசி மெக்கானிக்காகக் கத்தார் போனான், போயும் விடவில்லை. உள்ளே அவன் பெயர் மிளகு. ஆள் குள்ளம், காரம் ஜாஸ்தி. பேச்சை நிறுத்தத் தெரியாதவன், ஆமாம், நிறுத்தத் தெரியாதவன்.

பேச்சை நிறுத்தத் தெரியாதவர்களுக்காகத்தான் கிணறு. எல்லா சர்வரிலும் சண்டைக்காரர்கள் உண்டு, வாயை அடைக்கிற வசதியும் உண்டு. ஆனால் வாயை அடைத்துவிட்டோம் என்று தெரிந்தால் அவன் சும்மா இருப்பதில்லை, வேறு பெயரில் வந்து இரண்டு மடங்கு திட்டுவான். இதற்கு வில்வநாதன் ஒரு வழி கண்டுபிடித்தான். வாய் அடைபட்டது அடைபட்டவனுக்கே தெரியக்கூடாது. அவன் பேசுவான், பேசியது அவன் திரையில் எல்லோருடைய பேச்சோடும் சேர்ந்து அழகாக வரும், அவனுக்கு மட்டும் வரும். வேறு ஒருவர் திரையிலும் வராது. தனியாக ஒருவர் காதில் சொல்வதும் போகாது. கத்திக் கத்திப் பார்ப்பான், யாரும் சீண்டவில்லை என்று சலித்து அடங்குவான். எழுதி முடித்த அன்று அவ்வளவு சந்தோஷம், சவரியைத்தான் முதலில் கூப்பிட்டுக் காட்டினான். சவரி விழுந்து விழுந்து சிரித்தான், இது பாழுங் கெணத்துக்குள்ள தலைய விட்டுப் பேசற கதைல்ல, கெணறுன்னே பேர் வையி என்றான். வைத்தான். அதிலிருந்து சர்வர் நடத்துகிறவர்களுக்குள் அது ஒரு பேச்சாகிப் போனது, அவனைக் கெணத்துல போடு, இவனைக் கெணத்துலேருந்து தூக்கு. எத்தனை நாள் கிடக்க வேண்டும் என்று கணக்கு வைத்துத் தானே தூக்கிவிடுகிற ஏற்பாடு அதில் இல்லை. செய்யலாம் செய்யலாம் என்று விட்டது. போட்டவன் ஞாபகம் வைத்துக்கொண்டு தூக்க வேண்டும். போட்டவன் ஞாபகம். வியாழக்கிழமை சாயங்காலம் சவரியைப் போட்டது இந்தக் கைதான், இதோ தாளைப் பிடித்துக்கொண்டிருக்கிற இதே கை. எதற்காக, கிழமைக்காக. விளையாட்டுக்குள் வருஷா வருஷம் ஒரு திருவிழா வைப்பார்கள், அதை எந்தக் கிழமை வைப்பது என்பதில் தகராறு. ஞாயிற்றுக்கிழமை என்றான் இவன். எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, ஞாயித்துக்கெழமை கல்ஃபுல இருக்கறவன் எல்லாம் ஏணியில நிப்பான், எங்கள நீ ஆளாவே மதிக்கல என்றான் அவன். நடுச்சந்தையில், நாற்பது பேர் பார்க்க. இவன் ஏதோ சொல்ல, அவன் ஏதோ சொல்ல, கடைசியில் சவரி, சரி வில்வா, நீ பெரிய ஆளு, நாளைக்குப் பேசுவோம் என்றான். நாளைக்குமா என்று இவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ராத்திரி கிடக்கட்டும், காலையில் தூக்கிவிடலாம். போட்டான். சவரி அதற்குள் கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் போயிருந்தான், அவனுக்குத் தெரியாது. காலையில் தூக்கினானா. காலையில் என்ன செய்தான். உறையூரில் மாமனார் வீட்டுக்கு கேஸ் அடுப்பு மாற்றப் போனான். ஒரு கேஸ் அடுப்பு.

"என்னங்க, பிரிண்டு முடிஞ்சுதா? பிலோமினா பன்னெண்டு மணி பஸ்ஸப் பிடிக்கணுமாம்" என்று உமையாள் ஹாலிலிருந்து கேட்டாள். இன்னும் நூத்தி எண்பது பக்கம் இருக்கு என்று பதில் போயிற்று. அது தன் குரல்தானா என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது, இவ்வளவு சாதாரணமாக எப்படி வருகிறது. மறுபடி தாள். இப்போது நடு வரிகளைப் படித்தே ஆகவேண்டும். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ், சவரி அப்படித்தான் அடிப்பான், அவசரத்தில் பாதி எழுத்தை விழுங்கி. நேரம் பகல் பன்னிரண்டு நாற்பத்தொன்று, நம் ஊர் நேரம், அங்கே காலை பத்து பதினொன்று. காஜா இருக்கியா. அடுத்தது, நெஞ்சு என்னமோ பண்ணுது, வாயுன்னு நெனக்கிறேன். ரூமுல ஒருத்தரும் இல்ல, எல்லாம் பூசைக்குப் போயாச்சு. அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமைதானே மாதா கோயில், சவரியும் போகிறவன்தான், அன்று உடம்பு சரியில்லை என்று படுத்திருக்கிறான். ஒரு எட்டு வந்துட்டுப் போ காஜா. கை மரத்துப் போகுது. யாராவது காஜாவ வரச் சொல்லுங்கப்பா. பிலோமினாகிட்ட இப்ப சொல்ல வேணாம், பயந்துரும். பிறகு ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு ஐம்பத்தெட்டு, வில்வா கெணத்துல போட்டியா. போன் பண்ணியிருக்கலாமே, என்று நினைத்தான் வில்வநாதன், போன் பண்ணியிருக்கலாமே மடையா, விளையாட்டுக்குள் வந்து யாராவது. நினைத்த மாத்திரத்தில் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது, ஏனென்றால் பதில் அவனுக்குத் தெரியும். காஜா மைதீன் சவரியின் ரூம் ஆள், அறந்தாங்கிப் பையன், அந்தக் கம்பெனியிலேயே ஸ்டோர் கீப்பர். லீவு நாளிலும் முறை வைத்து ஒருவர் ஸ்டோரில் இருக்க வேண்டும், அந்த வெள்ளிக்கிழமை காஜாவின் முறை. ஸ்டோருக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் பெட்டியில் போட்டுவிட வேண்டும். கம்ப்யூட்டர் மட்டும்தான். பழைய விளையாட்டு, எந்த ஓட்டைக் கம்ப்யூட்டரிலும் ஓடும், அதனால் காஜா டூட்டி நேரம் பூராவும் ஸ்டோரில் உட்கார்ந்து சந்தையில் கடை விரித்திருப்பான். காஜாவிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றால் சவரிக்கு விளையாட்டுக்குள் சொல்வதுதான் வழி. வரும்போது தயிர் வாங்கிட்டு வா என்பதுகூட அங்கேதான். ஸ்டோருக்கும் ரூமுக்கும் ஐந்து நிமிட நடை.

ஐந்து நிமிட நடை, பதினேழு நிமிடம் கூப்பிட்டிருக்கிறான். அந்தப் பதினேழு நிமிடம் வில்வநாதன் எங்கே இருந்தான். அதுதான் முள்ளாகக் குத்திக்கொண்டு வெளியே வர மறுத்தது. கேஸ் அடுப்பை மாற்றிவிட்டு, குளித்து, அவன் சந்தையில்தான் இருந்தான். திருவிழாவுக்குத் தோரணம் கட்டும் வேலை. நிர்வாகிக்கான வெள்ளை அங்கியோடு தேர்முட்டியில் நின்றுகொண்டிருந்தான், முப்பது பேராவது இருந்தார்கள், நாலடி தள்ளி காஜா கடை விரித்து உட்கார்ந்திருந்தான், காஜாவுக்குப் பக்கத்தில் மிளகு நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்திருக்கிறது. இவன் திரையில் அது வாயை மூடிக்கொண்டு, குள்ளமாக, கையில் தடியோடு, சும்மா நின்றது. யாரோ ஒரு பொடியன் கேட்டான், என்ன மிளகண்ணே இன்னிக்கு மௌன விரதமா. நான்கைந்து பேர் சிரித்தார்கள். காஜாவும் சிரித்தான், நேத்து வாங்குன சூட்டுல அண்ணன் ரோஷமா இருக்காரு, விடுங்க என்றான். வில்வநாதன் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டான். மஞ்சளாக, பல்லைக் காட்டுகிற பொம்மை. போட்டது நினைவிருக்கிறது. அந்த நேரம் என்னவென்று திரையில் தேடிப் பார்த்தான், பார்க்காமல் இருந்திருக்கலாம், பன்னிரண்டு ஐம்பத்து நான்கு. அதாவது சவரி தன் திரையில் தன் பேச்சையும் பார்த்தான், அதற்குக் கீழே மௌன விரதமா என்ற கேள்வியையும் பார்த்தான், காஜாவின் சிரிப்பையும் இந்த மஞ்சள் பல்லையும் பார்த்தான். இவ்வளவு பேசியும் மௌன விரதமா என்று கேட்கிறார்களே என்று அந்த வலிக்கு நடுவே யோசித்திருக்கிறான். நான்கு நிமிடம் யோசித்திருக்கிறான். பெயர் வைத்தவன் அல்லவா, புரிந்துபோயிற்று. கேள்விக்குறிகூடப் போடவில்லை. வில்வா கெணத்துல போட்டியா. அதில் கோபம் இருக்கிறதா என்று வில்வநாதன் திரும்பத் திரும்பப் படித்தான். கோபம் இருந்தால் தேவலை. கோபம் இருந்தால் ஒரு கெட்ட வார்த்தையாவது இருந்திருக்கும், சவரி அதில் கஞ்சத்தனம் பிடிக்கிறவன் இல்லை. இது வெறும் விசாரிப்பு மாதிரி இருந்தது, வீட்டுச் சாவியை எங்கே வைத்தாய் என்று கேட்கிற மாதிரி. அந்தச் சாதாரணம்தான் தாங்கவில்லை, எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். தெருவில் சிலிண்டர்காரன் இரும்பு உருளையை உருட்டிக்கொண்டு போனான்.

உனக்குத் தெரியாது, தெரிந்தா செய்தாய், என்று ஒரு குரல் உள்ளே வக்கீல் மாதிரி எழுந்தது. தெரியாதுதான். சாவுச் செய்தி மறுநாள் சனிக்கிழமை வந்தது, காஜா அழுதுகொண்டே சொன்னான், டூட்டி முடிஞ்சு ரூமுக்குப் போறேன் அண்ணே, படுத்த மாதிரியே இருக்காரு, மடியில லேப்டாப்பு, ரூமுல மத்தவங்க தூங்குறாருன்னு விட்டுருக்காங்க. ஒரு வார்த்தை சொல்லலியேண்ணே, நான் பக்கத்துலதான இருந்தேன், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடியிருப்பேனே. அன்றைக்குச் சாயங்காலம் வில்வநாதன் உட்கார்ந்து மிளகை யாரும் எடுத்துவிடாதபடி தேர்முட்டியில் சிலையாக நிறுத்தி வைத்தான், காலடியில் விளக்கு வைக்க ஏற்பாடு செய்தான், ஆயிரம் பேர் வந்து விளக்கு வைத்தார்கள். எல்லாம் நினைவிருக்கிறது. இதுவும் நினைவிருக்கிறது: சிலையாக்கப் போனபோது இந்த ஆள் கிணற்றில் இருக்கிறார், முதலில் தூக்கவும் என்று திரை சொன்னது. தூக்கினான். ஒரு பொத்தான். அப்போது அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பொத்தான் இருந்தது, கிணற்றுக்குள் பேசியதைப் பார்க்க. அதை அழுத்தவில்லை. ஏன் அழுத்தவில்லை. தோன்றவில்லை. தோன்றவில்லையா, கை அந்தப் பக்கம் போய்த் திரும்பியதா. வில்வநாதன் அந்தச் சனிக்கிழமையை மனசுக்குள் நிறுத்தி நிறுத்திப் பார்த்தான், கை போன மாதிரியும் இருந்தது, போகாத மாதிரியும் இருந்தது. வெளியே பேசுவதெல்லாம் சந்தைப் பதிவு என்று எல்லோரும் பார்க்கும்படி ஓரிடத்தில் சேரும்; கிணற்றில் பேசுவது அதில் சேராது, அடியில் மூலப் பதிவு என்று ஒன்று இருக்கிறது, அங்கே மட்டும் கிடக்கும். நான்கு வருஷத்தில் அவன் ஒரு தடவைகூட அந்தத் தேதியில் மூலப் பதிவைத் திறந்ததில்லை. மற்றத் தேதிகளில் திறந்திருக்கிறான். நேற்று பிரிண்டுக்காக எழுதிய நிரல் மூலப் பதிவிலிருந்து எடுத்துவிட்டது, பெயர் சொல்லித் தேட அதுதான் சுலபம் என்று, யோசிக்காமல், நான்கு வருஷம் காத்த காவல் ஒரு சோம்பேறித்தனத்தில் போயிற்று. காத்த காவலா. அப்படியென்றால் தெரிந்துதான் காத்தாயா. வக்கீல் உட்கார்ந்துவிட்டான்.

ஹாலில் பிலோமினாவின் குரல் உயர்ந்தது, உயர்ந்தபடியால் கேட்டது. "அந்தக் காஜா பேர மட்டும் எடுக்காதீகக்கா. அவுக துணிமணிப் பொட்டியத் தூக்கிட்டு வந்து வாசல்ல நின்னான், எங்க கொழுந்தனாரு உள்ளயே விடல. பக்கத்துல இருந்துருக்கான், அவுக முடியலன்னு சொல்லாமயா இருந்துருப்பாக? அவுக சளி புடிச்சாலே ஊரக் கூட்டுற ஆளு. இவன் வெளையாட்டு மும்முரத்துல கண்டுக்காம விட்டுட்டு, இப்ப ஒரு வார்த்த சொல்லலங்கிறான். எனக்கு அது தெரிஞ்சாகணும்க்கா. அதுக்காகத்தான் வந்தேன்." உமையாள் என்னவோ சமாதானம் சொன்னாள். வில்வநாதனுக்கு இது புதுச் செய்தி. காஜாவை வாசலில் நிறுத்தினார்களா. காஜா இவனிடம் சொன்னதே இல்லை. கத்தார் வேண்டாம் என்று வந்து அறந்தாங்கியில் செல்போன் கடை வைத்திருக்கிறான், இப்போதும் தினம் சந்தைக்கு வந்து மிளகின் காலடியில் விளக்கு வைத்துவிட்டுத்தான் கடை விரிக்கிறான். கையில் இருந்த தாள் கனத்தது. இதை அப்படியே கொடுத்தால் காஜா ஒழிந்தான். காஜா காஜா என்று கூப்பிட்டிருக்கிறது, பதில் இல்லை, கல்லில் எழுதின சாட்சி. கொடுக்காமல் விட்டால் காஜா சொன்னது மெய்யாகிவிடும், ஒரு வார்த்தை சொல்லவில்லை, பிலோமினாவுக்கும் நிம்மதி, தூக்கத்தில் போனவர் தூக்கத்தில் போனவராகவே இருப்பார், எல்லோருக்கும் நல்லது. எல்லோருக்கும். இந்த ஒரு தாள். கிழித்துப் போட வேண்டியதுகூட இல்லை, மடித்து மேஜை அறைக்குள் போட்டால் போதும். இது அவளுக்காகவா எனக்காகவா என்று கேட்டுக்கொண்டான், இரண்டும் ஒரே விடையில் வந்து நின்றது, இரண்டும் ஒரே விடையில் வந்து நின்றதுதான் அவனைப் பயமுறுத்தியது. மூன்றாவது வழியும் இருந்தது, தாளையும் கொடுத்து கிணற்றையும் சொல்வது. அதை அவன் தூரத்திலிருந்தே பார்த்தான், கிட்டே போகவில்லை. பிரிண்டர் ஒன்றாம் பக்கத்தைத் துப்பிவிட்டு அடங்கியது. இருநூற்றுப் பதின்மூன்று தாளைத் தட்டிச் சீராக்கிக் கயிறு போட்டுக் கட்டினான். மற்றொன்றை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

பிலோமினா கட்டை இரண்டு கையாலும் வாங்கினாள், மடியில் வைத்துக்கொண்டாள். "இம்புட்டா பேசியிருக்காக?" என்றாள். முகம் கொஞ்சம் மலர்ந்தது. முன்பக்கம் திறக்கவில்லை, நேரே அடியில் கை விட்டுக் கடைசித் தாளை உருவினாள். உதடு அசைய, எழுத்துக் கூட்டி, அந்த ஆங்கில எழுத்துத் தமிழைப் படித்தாள். உமையாள் அவள் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். வில்வநாதன் நின்றுகொண்டிருந்தான், உட்காரச் சொல்லி உமையாள் கண் காட்டியும் உட்காரவில்லை.

"நாளைக்குப் பேசுவோம்னு போட்டிருக்கு. இது வியாழக்கெழம. வெள்ளிக்கெழம எங்கண்ணே?"

"அன்னிக்கு ஒண்ணும் பேசலம்மா" என்றான். இதுவும் சாதாரணமாகவே வந்தது.

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஏதாவது இருக்குமா என்று. இல்லை. "அப்ப அந்தக் காஜாப் பய சொன்னது நெசந்தான்" என்றாள் மெதுவாக. "பாவம், வாசல்ல நின்னான். தண்ணிகூடக் குடுக்கல நாங்க." உமையாள் அவள் கையைத் தடவினாள். சரியாகிவிட்டது, என்று நினைத்தான் வில்வநாதன், எல்லாம் சரியாகிவிட்டது, இத்தோடு விட்டுவிடும் என்று நினைத்தான். பிலோமினா தாளை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு யாரையும் பார்க்காமல், "அப்ப யாரையுமே கூப்புடல அவுக" என்றாள். "வலிச்சிருக்கும்லண்ணே. தூக்கத்துல போனாலும் ஒரு நிமிசம் வலிச்சிருக்கும்ல. அந்த நேரத்துல ஒருத்தர் பேரு வாயில வரல. எம்பேரு வரல. பதினெட்டு வருசம் குடும்பம் நடத்துனேன், மூணு வருசத்துக்கு ஒருக்கா வருவாக போவாக, நெனப்புல இருக்கேனா இல்லியான்னே தெரியாம. சரி. இல்லன்னு தெரிஞ்சுபோச்சு."

அவள் அழவில்லை. அதுதான் வில்வநாதனை அடித்தது. கட்டைக் கயிற்றோடு சேர்த்துப் பைக்குள் வைக்கப் பார்த்தாள், பை சின்னது, ஒரு பக்கமாகச் சொருகினாள். பிலோமினாகிட்ட இப்ப சொல்ல வேணாம், பயந்துரும். கை மரத்துப் போன பிறகு அடித்த வரி. ஒரு கையால் அடித்திருக்க வேண்டும். அது அவள் சொத்து. காஜாவைக் காப்பாற்றுகிறேன், இவளைக் காப்பாற்றுகிறேன் என்று சட்டைப் பைக்குள் இவன் மடித்து வைத்திருப்பது அவள் சொத்து. நான்கு வருஷத்துக்கு முன் ஒரு தடவை அந்த வாயை அடைத்தான், தெரியாமல். இப்போது இரண்டாம் தடவை, தெரிந்தே, பட்டப்பகலில், அவள் கொண்டுவந்த வாழைப்பழம் மேஜைமேல் இருக்க.

"கூப்பிட்டான்மா" என்றான்.

இரண்டு பெண்களும் நிமிர்ந்தார்கள். சட்டைப் பையிலிருந்த தாளைப் பிரித்து நீட்டினான். "காஜாவக் கூப்பிட்டான். எல்லாரையும் கூப்பிட்டான். உன் பேரு இருக்கு. கடைசியா என்னக் கேட்டான். காஜாவுக்குக் கேக்கல, அவன்மேல தப்பில்ல. யாருக்கும் கேக்காத மாதிரி நான்தான் பண்ணி வச்சிருந்தேன்."

"என்னங்க சொல்றீங்க?" என்றாள் உமையாள்.

சொன்னான். கிணற்றைச் சொன்னான், வியாழக்கிழமையைச் சொன்னான், காலையில் தூக்க மறந்ததைச் சொன்னான், மஞ்சள் பொம்மையைச் சொன்னான், சனிக்கிழமை பக்கத்துப் பொத்தானை அழுத்தாததையும் சொன்னான், அது மறதியா பயமா என்று எனக்கே தெரியவில்லை என்றும் சொன்னான். இரண்டு நிமிடத்துக்குமேல் ஆகவில்லை. இத்தனை பெரிய விஷயம் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிகிறதே என்று அவனுக்கு அதிர்ச்சியாக இருந்தது. பிலோமினா அவன் பேச்சைக் கேட்டாளா என்று தெரியவில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு அசைந்தது, ஒவ்வொரு வரியாக, ஏழாவது வரியில் நின்றது, திரும்ப அதன் தொடக்கத்துக்குப் போனது, மறுபடியும் போனது.

"எதுக்குச் சண்டை?" என்று கேட்டாள்.

"திருவிழாவ எந்தக் கெழமை வைக்கறதுன்னு."

"கெழமையா" என்றாள். திட்டுவாள் என்று நின்றான், கட்டைத் தூக்கி எறிவாள் என்று நின்றான், எறிந்தால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. அவள் தாளை மடித்தாள், இவன் மடித்த மடிப்பிலேயே, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். முகத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

"காஜா நம்பர் இருக்கா?"

வாய்க்கு வாய் அண்ணே என்றவள் அண்ணே என்று சொல்லவில்லை. இருக்கு, என்று வில்வநாதன் போனை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. "நீங்க போடுங்க. எங்கிட்ட சொன்னத மொதல்ல அவன்கிட்ட சொல்லுங்க. நான் பெறகு பேசிக்கிறேன்" என்றாள்.

போட்டான். இரண்டு மணி அடித்தது. கடைச் சத்தத்துக்கு நடுவே காஜா எடுத்தான்.

"சொல்லுங்கண்ணே" என்றான் காஜா.